கண்ணாடியைக் கழுவிட்டேன் மேடம்

கண் கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களை மாடிப்படியிலேயே நிறுத்தி விரட்டுவது ஒரு வேலையா? கொரோனா ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து, சேலையூரில் எங்கள் கிளினிக்கை மறுபடி திறந்தபோது எனக்கு வாய்த்தது அந்த வேலைதான். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் மூன்றே அறைகள் கொண்ட கிளினிக் அது. ஒரு டாக்டரம்மா, பார்வை சோதித்து பவர் பார்க்கிற நான், வரவேற்பில் ஓர் அக்கா. அந்த அக்கா செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்துகொண்டிருந்தவர். மின்சார ரயில் ஓடவில்லை, அவரும் வரவில்லை. போன், வாசல், சோதனை மூன்றும் என் தலையில் விழுந்தன.

எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. அதை மாஸ்க்குக்குள் அடக்கிவைத்தால் இன்னும் கம்மியாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. காத்திருக்கும் இடத்தில் ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டினேன். வந்தவர்கள் நேராகப் போய்க் குறி போட்ட நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஏன் சார் என்று கேட்டால், "இங்க உக்காருன்னு குறி போட்டிருக்கீங்கன்னு நெனைச்சேன்" என்றார் ஒரு பாங்க் ஆபீசர். படித்த மனிதர்.

ஒருவர் மட்டும் வரவேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். குடும்பத்தோடுதான் வருவார்கள். "அவருக்குச் சொல்லத் தெரியாது மேடம், நான் கூட இருந்தாத்தான்" என்று மனைவி. "அம்மாவால மாடிப்படி ஏற முடியாது" என்று மகன், மகனுக்குத் துணையாக மருமகள். ஒரு கண்ணாடி ஃப்ரேம் எடுக்க வந்த பெண்மணி எங்களிடம் இருந்த ஃப்ரேம் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஆன்லைன்ல பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போனார். அத்தனையையும் கழுவித் துடைத்துக் காயவைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

பார்வை சோதிப்பது அதைவிடக் கொடுமை. மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கினால்தான் எழுத்து தெரியும் என்று தாம்பரம் முழுக்க யார் சொல்லிவைத்தார்களோ, நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாருடைய கையும் மாஸ்க்குக்குத்தான் போகும். "கண்ணுல படிக்கிறீங்களா, மூக்குல படிக்கிறீங்களா?" என்று கத்துவேன். மாஸ்க்கை ஏற்றிவிட்டுப் படித்தால் 'ப'வும் 'ம'வும் ஒரே மாதிரிதான் காதில் விழும். "பசுவுக்கு வர்ற ப-வா, மரத்துக்கு வர்ற ம-வா?" என்று நான் கேட்க, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர்கள் மறுபடி மாஸ்க்கை இறக்கிவிட்டு, "ப்பா!" என்று என் முகத்தைப் பார்த்துக் கத்துவார்கள். போதும்டா சாமி என்று இருக்கும்.

டாக்டரம்மா கண்ணைப் பார்க்கிற கருவியில் அவர் முகத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, வெட்டி, நடுவில் தடுப்பாக மாட்டினோம். டாக்டரம்மாவின் அம்மாவுக்கு வாரம் தவறாமல் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா கொரோனாவை ஒட்டிக்கொண்டு போனால் அந்த அம்மா பிழைக்கமாட்டார். அதனால்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விதி வைத்தோம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அந்த வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது, இரண்டு வாரம் கழித்து வரட்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது. நான்தான் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிக்கட்டில் ஒட்டினேன். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று நெற்றியைக் காட்டினவர்கள் இருந்தார்கள். அவர்களையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே போன். எடுத்தால் ஒரே வார்த்தை. மறைக்குது. "மேடம், கண்ணு மறைக்குது." "மேடம், புகை மாதிரி மறைக்குது." மூச்சுக் காற்று மாஸ்க்குக்கு மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படிகிறது, வேறொன்றும் இல்லை. "கண்ணாடியை சோப்புத் தண்ணியில கழுவிக் காயவிட்டுப் போடுங்க, மாஸ்க்கை மூக்கு மேல அழுத்துங்க" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் மட்டும் இல்லை. கீழே மருந்துக் கடையில் அதைத்தான் சொன்னார்கள். கண்ணாடிக் கடைகளில் சொன்னார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பாக்கள் சொன்னார்கள். ஊர் முழுக்க அந்த ஒரே வைத்தியம்தான்.

ஒருநாள் காலை ஒரு ஆண் குரல்.

"மேடம், கண்ணு மறைக்குது."

ஆரம்பித்துவிட்டதா என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். "மாஸ்க் போட்டா மறைக்குதா?"

"ஆமா மேடம்."

"கண்ணாடியை சோப்புத் தண்ணியில..."

"கண்ணாடியைக் கழுவிட்டேன் மேடம். எங்க ஏரியா மெடிக்கல்ல அப்பவே சொன்னாங்க. ரெண்டு தபா கழுவிட்டேன். உள் பக்கம், வெளிப் பக்கம் ரெண்டும். வைப்பர்கூட மாத்திட்டேன். அப்பவும் மறைச்சிகினுதான் கீது."

"வைப்பரா? எந்தக் கண்ணாடியைங்க கழுவினீங்க?"

"வண்டிக் கண்ணாடிதான் மேடம். முன் கண்ணாடி."

எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, வண்டிக் கண்ணாடி இல்லண்ணா! நீங்க மூக்குல போட்டிருக்கீங்களே, அந்தக் கண்ணாடி."

"நான் கண்ணாடி போட்றதில்லையே மேடம்."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கண்ணாடியே போடாத மனிதருக்கு ஆவி எங்கே படியும்?

இப்போது ஆள் யாரென்று பிடிபட்டது. பள்ளிக்கரணைக்காரர். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியவர். கம்பெனிக்குக் காட்டவேண்டிய கண் சான்றிதழுக்காக வருஷா வருஷம் எங்களிடம் வருவார். கடைசி வரியை இரண்டு கண்ணிலும் கடகடவென்று படித்துவிட்டு, "இன்னும் கீழ இருந்தா குடுங்க மேடம்" என்று வம்பிழுப்பார். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டதால் வேன் நின்றுவிட்டது. அதே வேனில் காய்கறி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. எதுல மறைக்குது?"

மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இடது கண்ணுல மேடம். கீழ்ப்பக்கம் கறுப்பா திரை மாதிரி கீது. முந்தாநேத்தைக்கு இவ்ளோ இல்ல. மேல ஏறிக்கினு வர்து."

"அதுக்கு முன்னாடி மின்னல் மாதிரி ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஆமா மேடம். வெல்டிங் பொறி மாதிரி. ஒரே பேஜாரா இருந்துச்சு. தூக்கம் இல்லாம வண்டி ஓட்றோம், அதான்னு வுட்டுட்டேன்."

கண்ணின் உள்சுவரில் விழித்திரை ஒட்டியிருக்கிறது. அது கிழிந்து பிரியத் தொடங்கினால் இப்படித்தான் திரை ஏறும். நேராகப் பார்க்க உதவும் நடுப்பகுதி பிரிவதற்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிட்டால் பார்வை தப்பிக்கும். நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் பிறகு என்னதான் ஒட்டவைத்தாலும் பழைய பார்வை வராது. இதில் நாள்கூடப் பெரிய கணக்கு. இவரோ வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர், ஒற்றைக் கண்காரரை எந்தக் கம்பெனியும் வேனில் ஏற்றாது. இவர் இத்தனை நாளாகக் கேட்டவர்களிடமெல்லாம் "மறைக்குது" என்றிருக்கிறார். மருந்துக் கடையில், பக்கத்து வீட்டில், எங்கோ ஒரு கண்ணாடிக் கடையில். எல்லாரும் "மாஸ்க்கால" என்றிருக்கிறார்கள். இவரும் "ஆமா" என்றிருக்கிறார். அந்த "ஆமா"வைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உடனே கிளம்பி வாங்க" என்று வாயெடுத்தவள், பழக்கத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"ஆமா மேடம். சம்சாரத்துக்கு."

அடப்பாவி மனுஷா, ஊரே பொய் சொல்கிறதே, நீ ஒரு பொய் சொன்னால் என்ன! உள்ளே ஓடி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவை நினைத்திருப்பார். பிறகு, "எல்லாரும் போனப்புறம் வரச்சொல்லு. ஜன்னல் அத்தனையும் திற. ஏசி வேண்டாம்" என்றார்.

மதியம் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஓட்டிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லியிருந்தேன். ஓட்டிக்கொண்டுதான் வந்தார். "வேற எப்டி மேடம் வர்றது, கொரோனா பயத்துல ஆட்டோக்காரன் பள்ளிக்கரணைன்னாலே வரமாட்டேங்கறான்" என்றார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை, மாஸ்க்கைத் தொடவில்லை, குறி போடாத நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அதுவரை பார்த்த நோயாளிகளிலேயே விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர்தான்.

டாக்டரம்மா எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்தார். "மேல பக்கம் கிழிஞ்சு பிரிஞ்சிருக்கு, அதான் கீழ்ப்பக்கம் மறைக்குது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கே பண்ணிட்டா கண்ணு தப்பிச்சுக்கும்." பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவரே போன் போட்டுப் பேசினார். அனுப்புங்கள் என்றார்கள். சளி சோதனை மட்டும் செய்துவிட்டு வரட்டும், அது இல்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் யாரையும் விடுவதில்லை என்றார்கள்.

"கம்பெனி தொறக்கறதுக்குள்ள சரியாயிடுமா மேடம்?" என்று படியிறங்கும்போது என்னைக் கேட்டார். ஆகிவிடும் என்றேன். அப்போது அது உண்மைதான்.

சோதனை முடிவு வந்தது. பாசிட்டிவ். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது, ஆள் கல்லு மாதிரி இருந்தார். ஆனால் பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கழித்து அழைத்து வரச் சொன்னார்கள். நான் படிக்கட்டில் ஒட்டியிருந்த அதே இரண்டு வாரம்.

அதற்கப்புறம் நான் போட்ட போன்களை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. கொரோனா நோயாளிகளுக்கும் ஆபரேஷன் செய்கிற இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். இங்கே கேட்டால் அங்கே கேளுங்கள் என்றார்கள், அங்கே கேட்டால் அந்த டாக்டர் கொரோனா வார்டு டியூட்டியில் இருக்கிறார் என்றார்கள். ஒரு இடத்தில் மட்டும் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "உயிருக்கு ஆபத்தா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "கண்ணுதானே. இங்க மூச்சுக்கே படுக்கை இல்ல" என்றார். கத்த வாயைத் திறந்தேன், கத்த முடியவில்லை. அவர் பின்னால் யாரோ இருமுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆளைத் திட்டவும் முடியவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கிளினிக்கையும் மூடியாகிவிட்டது. நானும் டாக்டரம்மாவும் அவரவர் வீட்டில் தனி அறையில் அடைந்துகிடந்தோம். கீழே மருந்துக் கடைக்காரர் போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வேண்டாத வேலை? உங்களால என் கடைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கறான்." கண்ணாடியைக் கழுவச் சொல்லி வைத்தியம் சொன்னவர்கள் எல்லாம் வாயைத் திறக்காதீர்கள் என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் வைத்தியம் சொன்னது வேறு ஆட்களுக்கு, இந்த மருந்துக் கடை அந்த மருந்துக் கடை இல்லை. இருந்தாலும் யாரையாவது திட்டவேண்டியிருந்தது.

தினமும் பள்ளிக்கரணைக்குப் போன் போடுவேன். மல்லாந்தே படுத்திருங்கள், அசையாதீர்கள், திரை கொஞ்சம் மெதுவாக ஏறும் என்று சொல்லியிருந்தோம். மனைவி காய்ச்சலில் கிடந்தார். கஞ்சி வைக்கவும் பாத்திரம் கழுவவும் இவரை விட்டால் ஆள் இல்லை. "படுத்துகினுதான் கீறேன் மேடம்" என்பார், பின்னால் குக்கர் விசில் அடிக்கும்.

எங்கே வரை ஏறியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எதிரே டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்.

"கீழ எழுத்து ஓடுதே மேடம், அது போயிடுச்சு."

அடுத்த நாள், "அந்தப் பொண்ணு கழுத்து வரைக்கும் வந்துடுச்சு."

"வாய் தெரியுதா?"

"வாய் தெரியுது மேடம்."

பிறகு வாயும் போனது. "அந்தப் பொண்ணும் மாஸ்க் போட்டுகிச்சு மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போட ஆரம்பித்தேன். அடுத்த நாள் அவர் சிரிக்கவில்லை. "மூஞ்சி போயிடுச்சு மேடம்" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நடு போயிடுச்சு" என்றார்.

எனக்கும் டாக்டரம்மாவுக்கும் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டரம்மாவின் அம்மா நன்றாக இருந்தார். எக்ஸ்ரே ஃபிலிம், திறந்த ஜன்னல், மாஸ்க், இடைவெளி, நாங்கள் செய்தது எல்லாம் சரியாகவே வேலை செய்திருந்தது. கிளினிக்குகளைப் பாதுகாப்பாகத் திறப்பது எப்படி என்று யாராவது கேட்டால் எங்களை உதாரணமாகக் காட்டலாம். அந்த நினைப்பே எனக்குக் கசந்தது. படிக்கட்டில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை. அது தப்பான விதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரம் முடிந்து, மறுபடி சளி சோதனை எடுத்து, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே செய்திருந்தார்கள். விழித்திரை ஒட்டிக்கொண்டது. சில மாதம் கழித்து எங்களிடம் வந்தார். அதே குறி போடாத நாற்காலி. முன்பு போலவே சட்டைப் பையில் சீப்பு, தலை படிய வாரியிருந்தது. அப்போது ரயில் ஓட ஆரம்பித்து, எங்கள் அக்கா வரவேற்பில் உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனில கூப்டுட்டாங்க மேடம்" என்றார். "கொஞ்ச பேரு ஆபீஸ் வராங்களாம். கேளம்பாக்கம் ட்ரிப் எனக்குத்தான்னு சொல்லிகீறாங்க. கண் சர்ட்டிபிகேட் மட்டும் குடுத்துட்டா..."

உட்காரவைத்தேன். வலது கண் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வந்தது. இன்னும் கீழே கேட்டு வம்பிழுக்கவில்லை. வலது கண்ணை மூடினேன்.

"மறைக்குதாண்ணா?"

"இல்ல மேடம். மறைக்கறது சுத்தமா போயிடுச்சு." குரலில் அவ்வளவு சந்தோஷம். "சுத்திவர எல்லாம் தெரியுது. கதவு தெரியுது. ஃபேன் தெரியுது. உங்க கை தெரியுது. உங்க மூஞ்சிதான் தெரியல."

"மாஸ்க் போட்டிருக்கேன்ல, அதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தூக்கத்தில் கேட்டாலும் வருகிற பதில், அவரிடமே வந்துவிட்டது. அவர் என் முகம் இருக்கும் பக்கமாகத் தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றார். "அதான்."

"எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லாதீங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சரி மேடம்" என்றார் அவர்.